மரபணு ஒன்று என்பதால் சுறாக் கூட்டம் ஒன்றாகிவிடாது

சுறாப் பாதுகாப்பு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கிறது: கடல் ஒன்றுதான், சுறா பல்லாயிரம் கிலோமீட்டர் நீந்தும் உயிர், ஆகவே ஓரிடத்தில் பிடித்துத் தீர்த்தாலும் வேறிடத்திலிருந்து வந்து நிரம்பிவிடும். இதற்குச் சான்றாகப் பெருவெள்ளைச் சுறாவைக் காட்டுவோர் உண்டு. அந்தச் சுறாவைப் பற்றிய ஆய்வுகளைப் பொறுமையாகப் படித்தால், அவை இந்த வாதத்துக்கு எதிராகவே நிற்கின்றன என்பது என் கருத்து.

2003 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய் அருகே ஒரு பெண் சுறாவுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். நடிகை நிக்கோல் கிட்மனைக் கௌரவித்து அதற்கு நிக்கோல் என்று பெயரும் வைத்தார்கள். ஆய்வாளர்களுக்கும் ரசிக மனம் உண்டு போலும். 99 நாட்களில் 11,000 கிலோமீட்டர் கடந்து அது மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவுக்கு அருகே வந்து சேர்ந்தது. செய்திகளில் பெரிதாக வந்தது இந்தப் பயணம்தான். ஆனால் 2004 ஆகஸ்டில் அதே சுறா, துடுப்பின் விளிம்பிலிருந்த வெட்டுகளால் அடையாளம் காணப்பட்டு, மீண்டும் கான்ஸ்பாயில் இருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது குடிபெயரவில்லை, போய்விட்டுத் திரும்பியது.

இதற்கு முன்பே, 2001இல், தென்னாப்பிரிக்கச் சுறாக்களையும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சுறாக்களையும் ஒப்பிட்ட மரபணு ஆய்வு ஒன்று வெளியாகியிருந்தது. தாய்வழியே மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இரு கரைகளிலும் வெவ்வேறாக இருந்தது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏயில் அத்தகைய பிரிவு தெரியவில்லை. ஆண் அலைகிறது, பெண் தன் கரைக்கே திரும்புகிறது என்று இதை விளக்கினார்கள். 2025இல் வெளியான முழு மரபணுத்தொகுதி ஆய்வு, பெண்ணின் இந்தப் பழக்கம் மட்டுமே அந்த வேறுபாட்டை உண்டாக்கியிருக்க முடியாது என்று காட்டியிருப்பதால், பழைய விளக்கத்தை இனி அப்படியே திருப்பிச் சொல்வது சரியல்ல. ஆனாலும் என் வாதம் அந்த விளக்கத்தை நம்பி நிற்கவில்லை.

ஏனெனில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இரு கூட்டங்களின் மரபணுக்கள் விலகிப் போகாமலிருக்க, தலைமுறைக்கு ஓரிரு உயிர்கள் இடம் மாறி இனம் பெருக்கினாலே ஏறத்தாழ போதும் என்பது மரபியலின் பழைய கணக்கு. தலைமுறைக்கு ஒரு மாப்பிள்ளையைக் கொடுத்து வாங்கும் இரண்டு ஊர்கள் காலப்போக்கில் உறவுக்காரர்களாகிவிடும். ஆனால் ஓர் ஊர் கொள்ளைநோயில் அழிந்தால், அந்த ஒரு மாப்பிள்ளை வந்து ஊரை நிரப்பிவிட மாட்டார். வடமேற்கு அட்லாண்டிக்கில் செய்த மதிப்பீட்டின்படி பெருவெள்ளைச் சுறாவில் ஆண் பருவமடைய ஏறக்குறைய 26 ஆண்டுகளும் பெண்ணுக்கு 33 ஆண்டுகளும் ஆகின்றன. இவ்வளவு மெதுவாக வளரும் உயிரில், மரபணு வேறுபாடு தெரியவில்லை என்ற முடிவைப் பிடித்துக்கொண்டு பிடிப்பளவைத் தீர்மானிப்பது ஆபத்தானது.

பெண் சுறா தாய்மண் தேடி வருவதற்கு நேரடிச் சான்று வேண்டுமென்றால் பஹாமாஸின் பிமினித் தீவைப் பார்க்கலாம். அங்கே லெமன் சுறாக் குட்டிகளை ஆண்டுதோறும் பிடித்து, திசு எடுத்து, விட்டுவிடும் பணி நெடுங்காலம் நடந்தது. 1993 முதல் 1997 வரை அங்கே பிறந்த பெண் சுறாக்களில் குறைந்தது ஆறு, 14 முதல் 17 ஆண்டுகள் கழித்து அதே தீவில் வந்து குட்டி ஈன்றதை 2014இல் வெளியான ஆய்வு மரபணு வழியே நிறுவியது. அப்படிப்பட்ட குட்டி ஈனும் கரையோரக் கழியைத் தூர்த்துவிட்டால், நடுக்கடலில் எத்தனை சுறா நீந்தினாலும் அந்தத் தாய்வழி அறுந்துவிடும்.

சட்டமோ தேச எல்லையோடு நின்றுவிடுகிறது. 1991இல் பெருவெள்ளைச் சுறாவை உலகிலேயே முதலில் பாதுகாத்த நாடு தென்னாப்பிரிக்கா. ஆனால் குளிப்போருக்காக 1952 முதல் டர்பன் கரையில் போடப்பட்டுவரும் வலைகளில் அதே சுறா சிக்கிச் சாகிறது. எல்லை தாண்டிய நிக்கோலுக்கு அந்தச் சட்டம் நடுக்கடலில் துணை வரவுமில்லை.

மரபணுவைக் கொண்டு செய்யக்கூடிய பயனுள்ள வேலை ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ, இளம் சுறாக்களின் திசுக்களில் ஒரே தாய்க்கோ ஒரே தந்தைக்கோ பிறந்தவை எத்தனை என்று தேடி, அதிலிருந்து கண்ணில் படாத பெற்றோரின் எண்ணிக்கையைக் கணித்தது. உறவுகள் அதிகம் தென்பட்டால் பெற்றோர் குறைவு என்பதே அதன் அடிப்படை. 2018இல் அவர்கள் சொன்ன கணக்குப்படி கிழக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பகுதியின் பெருவெள்ளைச் சுறாக் கூட்டத்தில் வளர்ந்த சுறாக்கள் சுமார் 750 மட்டுமே.

இந்த முறைக்குச் செத்த மீனின் ஒரு துண்டுச் சதையும் போதும் என்பதால் எனக்கு நம் தூத்தூர் நினைவுக்கு வருகிறது. குமரி மாவட்டத்தின் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடல் சுறாத் தூண்டிலில் பெயர் பெற்றவர்கள். அவர்களுடைய விசைப்படகுகள் பெரும்பாலும் கொச்சியில்தான் மீன் இறக்குகின்றன. 2015இல் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை விதித்த அரசு, இறக்குமிடத்திலேயே இன்ன இனம், எங்கே பிடித்தது என்ற குறிப்போடு திசு சேகரிக்கவும், அதற்கு மீனவருக்கு உரிய கூலி தரவும் ஏற்பாடு செய்ய வேண்டும். எந்தச் சுறாவை எவ்வளவு பிடிக்கலாம் என்று அவரிடம் பேசுவதற்கு முன், அந்தக் கணக்கை அரசு கையில் வைத்திருக்க வேண்டும்.