எம்.சிஎச். கட்டுபடியாகுமா?

மதுரையில் டாக்டர்களுக்கு வருமான வரிக் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் நான். ஜூலை பிறந்தால் மேஜையில் பாதி டாக்டர் ஃபைல்கள்தான். ‘சர்ஜன்னா கொட்டுமே சார்’ என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். சிலருக்குக் கொட்டுகிறது, உண்மைதான். யாருக்கு, எந்த வயதில் என்று கேளுங்கள்.

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், பொது அறுவை படிப்பான எம்.எஸ். 3, அதன்மேல் இதயம், சிறுநீரகம் என்று ஒரு தனிப் பிரிவில் தேர்ச்சி பெறும் எம்.சிஎச். இன்னொரு 3. நீட்டுக்குப் படித்த வருடம், படிப்புக்குப் பிறகு கட்டாய அரசுப் பணி செய்கிற பாண்டு எல்லாம் சேர்த்தால் கையில் முழுசாகக் காசு பார்க்கும்போது 33, 34 வயதாகிவிடும். அரசுப் பணியில் இருப்பவர் சம்பளத்தோடு படிக்கலாம், அது தனிக் கதை. மற்றவருக்கு உதவித்தொகைதான். என்னைக் கேட்டால், கட்டணத்தைவிடப் பெரிய செலவு எம்.சிஎச்.சுக்குப் போகிற அந்த மூன்று வருடம். எம்.எஸ். முடித்த கையோடு மேலூரிலோ உசிலம்பட்டியிலோ உட்கார்ந்தவர் குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல் என்று பார்த்து, சில நாள் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) பயிற்சியையும் போர்டில் சேர்த்து, நர்சிங் ஹோமுக்கு இடம் தேடிக்கொண்டிருப்பார். எம்.சிஎச். சேர்ந்த கூடப் படித்தவர் அப்போதும் ஹாஸ்டலில். அப்புறம் அவர் வீட்டுக் கடனுக்குப் போனால் பேங்கில் மூன்று வருட ரிட்டர்ன் கேட்கிறார்கள். எங்கே போவார்?

சரி, எம்.சிஎச். எல்லாமே ஒரே மாதிரியா என்றால், அதுவும் இல்லை. நம் ஊர் வெயிலில் சிறுநீரகக் கல்லுக்குப் பஞ்சமில்லை. யூராலஜி முடித்தவர் ஸ்கோப்பும் லேசரும் வாங்கி கே.கே. நகரில் சொந்தமாக நின்றுவிடலாம். இதய அறுவைக்காரருக்கு அது முடியாது. ஹார்ட்-லங் மெஷின், அதை இயக்க ஒரு பெர்ஃபியூஷனிஸ்ட், தனி ஐ.சி.யூ. எல்லாம் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியை அண்டித்தான் பிழைப்பு. அங்கே பலருக்குச் சம்பளமும் கிடையாது, ‘ப்ரொஃபஷனல் ஃபீஸ்’தான். 10 சதவீதம் டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடித்தது போக மீதி வரும். பி.எஃப்., கிராஜுவிட்டி பேச்சே இல்லை.

குழந்தைகள் அறுவை இன்னும் மோசம். உணவுக்குழாய் அடைத்தே பிறந்த சிசுவைத் தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் மதுரைக்குத்தான் தூக்கி வருகிறார்கள். பிரசவச் செலவிலேயே நொடித்த வீடு, கையில் காப்பீட்டு அட்டை. பேக்கேஜ் என்று வருகிற ஒரே தொகையில் தியேட்டர், வென்டிலேட்டர், மருந்து எல்லாம் போய் மிஞ்சியதில் சர்ஜனுக்குப் பங்கு. சாதாரணக் குடலிறக்கத்தையாவது பார்க்கலாம் என்றால் அதைப் பொது சர்ஜனே முடித்துவிடுகிறார். இந்தப் பிரிவில் நாடு முழுக்க வருடா வருடம் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனசு இல்லை’ என்கிறார்கள் பெரிய டாக்டர்கள். அவர்கள் தொழில் தொடங்கிய காலத்தில் எம்.எஸ். போர்டே போதுமாக இருந்தது என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை தருகிறார்கள், நல்ல திட்டம். அந்த வரம்பை உயர்த்தினால் மட்டும் சர்ஜன் கைக்கு ஒன்றும் வராது. சிசு அறுவைக்கு சர்ஜன் ஃபீஸைப் பேக்கேஜிலிருந்து பிரித்துத் தனியாக அவர் கணக்கில் போடுங்கள். ஆள் வராத பிரிவுகளில் படிக்கிற மூன்று வருடமும் எல்லாருக்கும் முழுச் சம்பளம் கொடுங்கள்.