ஒரே புற்றரை, வேறு வேறு கைகள்

திரள் திரளாக வரும் எதிரிகளைக் காவல் வைத்து மறிக்கும் 'கோபுரப் பாதுகாப்பு' வகைக் கணினி விளையாட்டுகளை ஒப்பிடும் பதிவுகள் பெரும்பாலும் படத்தின் கூர்மையிலேயே நின்றுவிடுகின்றன என்பது எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை. எந்தக் கருவியில் நிறம் பளிச்சென்று இருக்கிறது, எதில் மங்கியிருக்கிறது என்று பத்தி பத்தியாக எழுதுகிறவர்கள், அந்தக் கருவி விளையாடுபவரின் கைக்கு என்ன வேலை வைக்கிறது என்பதை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸொம்பீஸ்' விளையாட்டைக் கணினி, மூடியுள்ள கையடக்கக் கருவியான நிண்டெண்டோ டிஎஸ், ஐபாட், தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் எக்ஸ்பொக்ஸ் 360 ஆகிய நான்கிலும் விளையாடியவன் என்ற முறையில் என் கணிப்பை எழுதுகிறேன்.

பொப்கப் நிறுவனம் இதைக் கணினிக்கு வெளியிட்டது 2009 மே 5ஆம் திகதி. அந்த மே மாதத்தில் வன்னியில் நாங்கள் எங்கே இருந்தோம் என்பதை இங்கு எழுதத் தேவையில்லை. கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்குக் கூரையும், அதன் பிறகு மின்சாரமும் வந்த பின்னரே ஒரு பழைய கணினியில் இதை முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டின் முன்னால் ஐந்து நிரை, நிரைக்கு ஒன்பது கட்டம். இங்கு சூரியன்தான் காசு. 50 சூரியன் கொடுத்துச் சூரியகாந்தியை நட்டு, அது 25, 25ஆகத் தருவதைச் சேர்த்து, 100 ஆனதும் பட்டாணிச் செடியை நட்டு, எதிர்ப்பக்கத்தால் வரும் ஸொம்பிகளை, அதாவது நடக்கும் பிணங்களை, வாசலுக்கு வரவிடாமல் மறிக்க வேண்டும். பரணில் இருந்து வயலுக்குக் காவல் காத்தவர்களுக்கு இந்தக் கவலை உடனே பிடிபடும்: வருவது எந்தப் பக்கத்தால் என்று தெரியும், எத்தனை வரும் என்றுதான் தெரியாது.

தரையில் விழுந்த சூரியனை எடுக்காமல் விட்டால் சற்று நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே கண் ஒரு நிரையில் வரும் ஸொம்பியைப் பார்க்கும்போதே கை இன்னொரு மூலையில் சூரியனைப் பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். கணினியின் மவுஸ் இதற்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. 2010இல் வந்த ஐபாட் வடிவம் அதையும் மிஞ்சுகிறது, ஏனெனில் அது ஒரே நேரத்தில் பல விரல்களை ஏற்றுக்கொள்கிறது. இடக்கை சூரியனை எடுக்க, வலக்கை செடியை நடலாம். அதே ஆண்டு பெப்ரவரியில் ஐபோனுக்கு முதலில் வந்த வடிவத்தில் சிறு விளையாட்டுகளும் பூந்தோட்டமும் இருக்கவில்லை. அந்தச் சிறிய திரையில் என் விரலே நிரையை மறைத்தது.

எக்ஸ்பொக்ஸ் 360க்கு 2010 செப்டெம்பரில் வந்த வடிவத்தில், கைப்பிடியால் திரையில் உள்ள குறியைக் கட்டம் கட்டமாக நகர்த்தி, கைப்பிடியின் மேல்விளிம்பிலுள்ள தோள் பொத்தான்களால் விதைப்பொதியை மாற்றி, பிறகு நட வேண்டும். முதல் நிரையிலும் ஐந்தாம் நிரையிலும் ஒன்றாக ஆபத்து வரும்போது, 150 சூரியன் கொடுத்து வாங்கும், வெடித்துச் சுற்றியுள்ள ஸொம்பிகளை அழிக்கும் செரிக்குண்டை உரிய கட்டத்துக்குக் கொண்டுசெல்வதற்குள் நேரம் தவறிவிடுகிறது. ஐம்பது நிலைகளும் அவையேதான், கைதான் பிந்துகிறது. ஆகவே தனியாக விளையாடுகிறவருக்கு இந்த வடிவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தியின் மகன் அந்தக் கருவியைக் கொண்டுவந்தபோதுதான், கணினி வடிவத்தில் இல்லாத ஒன்றைக் கண்டேன். ஒரே தொலைக்காட்சியின் முன்னால் இருவர் சேர்ந்து புற்றரையைக் காக்கலாம். அல்லது ஒருவர் செடிகளையும் மற்றவர் ஸொம்பிகளையும் எடுத்து மோதலாம். மோதும் முறையில், ஸொம்பிகளின் பக்கம் நிற்கும் ஐந்து இலக்குகளில் மூன்றை வீழ்த்தினால் செடிகளுக்கு வெற்றி. ஒரே ஒரு ஸொம்பி வீட்டுக்குள் புகுந்தால் மற்றவருக்கு வெற்றி. "அண்ணா, நீங்கள் ஸொம்பியை எடுங்கோ" என்று அவன் விட்டுக்கொடுத்த இரவில், காவலை எந்த இடத்தில் உடைக்கலாம் என்று முதன்முறையாக எதிர்ப்பக்கத்திலிருந்து யோசித்தேன். அந்த விளையாட்டை அதற்குப் பிறகுதான் முழுதாக விளங்கிக்கொண்டேன்.

2011 ஜனவரியில் வந்த டிஎஸ் வடிவத்தைப் பலர் ஒதுக்குகிறார்கள். 256 புள்ளி அகலத் திரையில் செடிகள் குறுகித்தான் தெரிகின்றன. ஸொம்பிகள் திரளும் கடைசி அலையில் ஓட்டமும் தளர்கிறது. இருந்தும் அதை நான் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். எழுதுகோல் முனை விரலைப் போல எதையும் மறைப்பதில்லை. இன்னொரு காரணம், 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது தெரிந்தது. கணினியில் நடு நிலையில் மின்சாரம் போனால் அந்த நிலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்; டிஎஸ்ஸில் மூடியைச் சாத்தினால் ஸொம்பி தூக்கிய காலோடு அப்படியே நிற்கும், அடுத்த நாள் திறந்தாலும் அங்கிருந்தே நடக்கும். மின்சாரம் என்றும் தடையின்றி வரும் ஊரில் இருந்து ஒப்பிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

2025 ஒக்டோபர் 23ஆம் திகதி 'ரீபிளான்டட்' என்ற புதிய வடிவம் இன்றைய கருவிகளுக்கு வந்துவிட்டது. இருவர் சேர்ந்து விளையாடும் முறையும் மோதும் முறையும் அதில் இருக்கின்றன. சித்தியின் மகன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். இந்த முறையும் ஸொம்பிகளை நானே எடுக்கப்போகிறேன்.