ஆசையா, வேட்கையா?

"ஆசையே துன்பத்திற்குக் காரணம்" என்று தேர்வில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியதோடு நம்மில் பலருக்குப் பௌத்தம் முடிந்துவிடுகிறது. ஆசையே இல்லாமல் மனிதன் எப்படி வாழ்வான் என்ற கேள்வி மட்டும் காலமெல்லாம் கூடவே வருகிறது. கேள்வி நியாயமானதுதான், கோளாறு அந்த வரியில் இருக்கிறது என்பது என் கருத்து.

சாரநாத்தில் ஐந்து துறவியருக்கு ஆற்றிய முதல் உரையில் துக்கத்தின் தோற்றுவாயாகப் புத்தர் சொன்னது 'தண்ஹா'. இந்தப் பாலிச் சொல்லின் நேர்ப்பொருள் தாகம். மணிமேகலையின் 30ஆம் காதை, துன்பம் தோன்றும் காரணச் சங்கிலியான பன்னிரு நிதானங்களை வரிசைப்படுத்துகையில் அதே இடத்தில் 'வேட்கை'யை வைக்கிறது. தாகத்தை நீர்வேட்கை என்று சொல்லும் மொழியில் இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? கையில் இருந்த இச்சொல்லை விட்டுவிட்டு, பேரப்பிள்ளையைக் கொஞ்சுவதற்கும் ஊரான் நிலத்தை வளைப்பதற்கும் ஒருசேரப் பயன்படும் 'ஆசை'யைப் பிடித்துக்கொண்டோமே என்பதுதான் என் ஆதங்கம்.

பேதைமையில் தொடங்கும் அவ்வரிசையின் நடுவே ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. புலன் பொருளைத் தொடுவது ஊறு. அதனால் எழும் இன்பமோ துன்பமோ நுகர்வு. உடம்பு உள்ளவரை இவ்விரண்டிலிருந்தும் யாருக்கும் விலக்கில்லை, புத்தருக்கும் முதுகுவலி வந்ததாக அவர் உரைகளைக் கொண்ட பாலிச் சுத்தங்கள் சொல்கின்றன. நுகர்வு வேட்கையாகத் திரும்பும் அந்த இடுக்கில்தான் பயிற்சிக்கு வேலை. முழங்கால் வலியால் நான் தூக்கமின்றிக் கிடந்த இரவுகளில், வலியைவிட "இனி மாடிப்படி ஏறவே முடியாதோ, எனக்கு மட்டும் ஏன்?" என்ற புலம்பலே பெரிதாக இருந்தது. சல்லத்த சுத்தம் இதை இரண்டு அம்புகளாகக் காட்டுகிறது: முதலாவது உடலில் தைப்பது, இரண்டாவது மனத்தில் தைப்பது. புலம்பல் ஓய்ந்த சில நிமிடங்களில் வலி குறையவில்லை. ஆனால் அது முழங்காலோடு நின்றது. 'இது ஒழியட்டும்' என்ற தவிப்பையும் முதல் உரை வேட்கையின் மூன்று வகைகளுள் ஒன்றாகவே எண்ணுகிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

விடுதலையைப் பற்றிய குழப்பமும் இதே சொல்லிலிருந்துதான் முளைக்கிறது. பௌத்தம் அந்த விடுதலைக்கு வைத்த பெயரான நிப்பானம் (நிர்வாணம்) என்றால் அவிதல். அவிவது ராகம் (இச்சை), துவேஷம் (வெறுப்பு), மோகம் (மயக்கம்) என்னும் மூன்று தீ. அந்த விடுதலையை விரும்புவதும் ஆசைதானே என்று மடக்குபவர்கள் இன்றும் உண்டு. கோசம்பியில் கோசிதரின் ஆராமத்திற்கு, அதாவது துறவியர் தங்கும் சோலைக்கு, வந்த உண்ணாபன் என்னும் அந்தணர் ஏறக்குறைய இதையே புத்தரின் சீடர் ஆனந்தரிடம் கேட்டார்: விருப்பத்தால் விருப்பத்தை விடுவது என்றால் அதற்கு முடிவே இராதே? ஆனந்தர் வாதத்தில் இறங்காமல் திருப்பிக் கேட்டார்: "ஆராமத்திற்குப் போக வேண்டும் என்ற விருப்பம் உமக்கு முன்பு இருந்தது அல்லவா? இங்கு வந்து சேர்ந்த பின் அந்த விருப்பம் தணிந்துவிட்டதா, இல்லையா?"

தணிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார் உண்ணாபன்.