ஜிப்சம் சுவர் தோட்டாவைத் தடுக்காது

"ஹாலோ பாயின்ட் தோட்டா சுவரைத் துளைக்காது, அடுத்த அறையில் குழந்தை தூங்கினாலும் பயமில்லை" என்று அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கப்போகும் நண்பருக்கு ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்ப வேண்டாம்.

குழிந்த முனை கொண்ட அந்தத் தோட்டா ஈரமான உடலுக்குள் புகும்போதுதான் குழிக்குள் அழுத்தம் ஏறி விரிகிறது, வேகமும் குறைகிறது. அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தின் இருபுறமும் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகைதான், நடுவே வெற்றிடம். ஜிப்சம் தூள் குழியை அடைத்துக்கொண்டால் முனை விரியாமலே போகலாம். பிறகு சாதாரணத் தோட்டாவைப் போலவே அடுத்தடுத்த சுவர்களையும் துளைத்துச் செல்லும். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் தோட்டாச் சோதனையில், உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கூழுக்குள் குறைந்தது 12 அங்குலம் ஊடுருவும் தோட்டாதான் தேறும். அவ்வளவு வலுவுள்ளதை ஒரு பலகையா நிறுத்திவிடும்?

9 மி.மீ. கைத்துப்பாக்கிக்கு நானும் ஹாலோ பாயின்ட்டையே சொல்வேன்; தாக்கிய உடலைக் கடந்து மறுபக்கம் பாயும் வாய்ப்பு அதில் குறைவு. குறி தவறிய தோட்டாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. குழந்தையின் கட்டில் எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.