பைப்பு தெருவுல கிடக்கு, இனி நான் என்ன பேச?

"ரெண்டுமே போயிருக்குங்க்கா."

நேத்து பொழுதோட ஆறே முக்காலுக்கு, எங்க போர்வெல் மோட்டாரை ரிப்பேர் பண்ண வந்த தம்பி சொன்ன வாக்கியம் இது. இதைக் காதால கேட்க நான் குடுத்த விலை 24,270 ரூபாய். பில்லு வேணும்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியாம். பில்லை வெச்சு நான் என்ன பண்ண, ஃப்ரேம் போட்டு மாட்டவா?

போர் இருக்கிற வீட்டுக்காரங்களுக்கு இதுக்கு மேல ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆனாலும் சொல்லுவேன். வயிறு எரியுது.

வியாழக்கிழமை காலைல பச்சை பட்டனை அழுத்தினா, "ம்ம்ம்ம்ம்"னு ஒரு முனகல். பத்து செகண்ட்ல டிரிப். மறுபடி பட்டன், மறுபடி முனகல். மே மாசம். மேல் டேங்க்ல தட்டிப் பார்த்தா அடியில ரெண்டு பக்கெட் தேறும். கோயமுத்தூர்னா உடனே "உங்களுக்கென்னங்க, சிறுவாணித் தண்ணி"ம்பாங்க. எங்க வீதிக்கு நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா, அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு. குளிக்க, துவைக்க, கழுவ எல்லாத்துக்கும் போர்ல வர்ற உப்புத் தண்ணிதான் கதி.

வீட்டுக்காரர் ஓசூர்ல. போன்ல உபதேசம்: "மூணு பேர்கிட்ட ரேட் கேட்டுட்டு அப்புறமா கைவைக்கச் சொல்லு." சரிங்க சாமி. கேட்டேன்.

"எவ்வளவு ஆகும்ங்க?"

"பார்த்தாத்தானுங்க சொல்ல முடியும்."

"பார்க்க எவ்வளவு?"

"மேல தூக்கினாத்தானுங்க பார்க்க முடியும்."

"தூக்க எவ்வளவு?"

"எத்தனை அடியில கிடக்குதோ, தூக்கினாத்தானுங்க தெரியும்."

மூணு பேரும் ஒரே பாட்டு. ஒரே வாத்தியார்கிட்ட படிச்சிருப்பாங்களாட்ட இருக்கு. ஆஸ்பத்திரியில கூட ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தோராயக் கணக்கு சொல்லுவாங்க.

ஆனா என்கிட்ட ஒரு துருப்புச் சீட்டு இருந்துச்சு. எங்க மாமனார் போர் போட்ட அன்னைக்கே, பேனல் போர்டுக்குப் பக்கத்துச் சுவத்துல பென்சில்ல எழுதி வெச்சிட்டுப் போனார்: "போர் 450, கேசிங் 60, மோட்டார் 380, ஒன்றரை HP." பெயிண்ட் அடிக்க வந்தவங்ககிட்ட எல்லாம் சண்டை போட்டு அந்த ஒரு அடி சுவத்தைக் காப்பாத்தி வெச்சிருக்கேன். "380 அடிங்க தம்பி"ன்னு கெத்தாச் சொன்னேன். நாலாவதா வந்த இந்தத் தம்பி சுவத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்போ தூக்கி இறக்க அடிக்குப் பத்து ரூபாங்க்கா"ன்னான். 3,800. பரவாயில்லையேன்னு நினைச்சேன் பாருங்க, அங்கேதான் சறுக்கினேன்.

"வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?"ன்னும் கேட்டான். ஏன் தம்பி, மோட்டாருக்கு வெக்கமா?

வெள்ளிக்கிழமை காலைல நாலு பசங்களோட வந்தாங்க. போர் மூடியில இருந்த கிளாம்பைக் கழட்டி, கறுப்பு எச்டிபிஇ பிளாஸ்டிக் பைப்பைத் தோள்ல போட்டு இழுத்தாங்க. ஒருத்தன் இழுத்துக்கிட்டே கேட்டைத் தாண்டி ஓடுறான். அடுத்தவன் பின்னாடியே. பைப்பு எங்க போர்ட்டிகோவைத் தாண்டி, எதிர்வீட்டுக் கேட்டைத் தாண்டி, முக்குல இருக்கிற பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்ப் படுத்துடுச்சு. சேறும் பாசியுமா ஒரு மலைப்பாம்பு. அந்தப் பசங்க தோள்ல பைப்பு உரசி, தோலு சிவந்து போயிருந்துச்சு. அவங்க மேல எனக்குக் கோபமே இல்லை. மோர் குடுத்தேன். கோபமெல்லாம் நிழல்ல நின்னு போன் பேசிக்கிட்டிருந்த அந்த மேஸ்திரித் தம்பி மேலதான்.

மோட்டார் வெளிய வந்து விழுந்துச்சா, உடனே அவன் குரலே மாறிப்போச்சுங்க. அதுவரைக்கும் "பார்க்கலாம், பேசிக்கலாம்". இப்போ டாக்டர் மாதிரி கைய பின்னாடி கட்டிக்கிட்டு, "காயில் போயிருக்குங்க்கா. கட்டணும். 5,500." காயில்னா மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கிற செம்புக் கம்பி.

நான் என்ன பேசுறது? 380 அடி பைப்பு தெருவுல கிடக்கு. ஸ்கூட்டர்காரங்க அது மேல ஏத்தி இறக்கிட்டுப் போறாங்க. போர் வாயை மூட ஒரு சாக்கு. "வேண்டாம், எடுத்தபடியே இறக்கிடுங்க, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்"னு சொல்ல முடியுமா? தூக்குறதுக்கு முன்னாடி விலை சொல்லமாட்டான். தூக்கினதுக்கு அப்புறம் அவன் சொல்றதுதான் விலை. இந்தத் தொழிலோட சூட்சுமமே அவ்வளவுதான். கல்யாண மண்டபத்துல முகூர்த்தத்துக்கு அரை மணி நேரத்துக்கு முன்னாடி சமையல்காரர் கேஸ் தீர்ந்துடுச்சும்பாரே, அந்த நிலைமை.

சனிக்கிழமை காயில் கட்டுற கடைக்கு நானே போனேன். இந்த ஊர்ல 1937-லயே மோட்டார் செஞ்சாங்க, நாடு பூரா பம்பு இங்கிருந்து போகுதுன்னு மார்தட்டிக்கிறோமே, அந்த ஊர்க்காரி நான். கருகின கம்பிக்கட்டு ஒண்ணை எடுத்துக் காட்டினாங்க. "பாருங்க, எப்படி எரிஞ்சிருக்கு." எரிஞ்சுதான் இருந்துச்சு. எங்க மோட்டார்ல எரிஞ்சதா, இல்லை வர்றவங்க எல்லாத்துக்கும் காட்டுறதுக்குன்னே வெச்சிருக்கிற சாம்பிளா, அது எனக்கு எப்படித் தெரியும்? கம்பியில பேரா எழுதியிருக்கு?

"பழைய காப்பர் எங்கங்க?"ன்னு கேட்டேன். கடையில ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "அதைக் கழிச்சுத்தாங்க ரேட்டு." காப்பர் கிலோ என்ன விலை போகுதுன்னு எனக்குத் தெரியும்ங்கிறது அவங்களுக்குப் பிடிக்கலை. புஷ்ஷு, பேரிங் தேய்மானம்னு இன்னொரு 1,200. காப்பரைக் கேட்டதுக்கு அபராதம்னு நினைச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை. இறக்குறதுக்கு முன்னாடி தம்பி கேபிளை விரல்ல உருட்டிப் பார்க்கிறான். "நாலு இடத்துல ஜாயிண்ட் இருக்குங்க்கா. தண்ணிக்குள்ள ஜாயிண்ட் இருந்தா ஷார்ட் ஆகி, கட்டின காயில் மறுபடி போயிடும்." மீட்டர் 65, மொத்தம் 116 மீட்டர், 7,540. கவனிச்சீங்களா? கூலிக்குன்னா அடிக்கணக்கு. கேபிளுக்குன்னா மீட்டர் கணக்கு. எது தோதோ அது.

அடுத்து கயிறு. "நைஞ்சு போச்சுங்க்கா. அறுந்து மோட்டார் உள்ள விழுந்துட்டா போரே போச்சு." இதுக்கு யாராவது வேண்டாம்னு சொல்லுவாங்களா? 400 அடி நைலான் கயிறு, 1,600. கிளாம்பும் அடாப்டரும் துரு, 450. ஒவ்வொண்ணும் தனியாக் கேட்டா நியாயமாத்தான் இருக்கும், அதுதான் கொடுமையே. கடைசியா, "இறக்குற கூலி 3,800."

"தூக்கி இறக்க அடிக்குப் பத்துன்னு தானே தம்பி சொன்னீங்க?"

"ஆமாங்க்கா. தூக்கப் பத்து. இறக்கப் பத்து."

தமிழ் எனக்குத் தாய்மொழி. ஆனா "தூக்கி இறக்க"ங்கிறதுல ரெண்டு பில்லு ஒளிஞ்சிருக்குன்னு எனக்கு எந்த டீச்சரும் சொல்லித் தரலை.

சரி, இறக்கினாங்க. பொழுது சாயுது. பக்கத்து வீட்டு மாமா நாற்காலி போட்டு வேடிக்கை. அத்தை காலியான அண்டாவோட பைப்படியில. நான் பேனல் போர்டு முன்னாடி மாமனாரை மனசுல கும்பிட்டுப் பச்சை பட்டனை அழுத்துறேன்.

"ம்ம்ம்ம்ம்."

அதே முனகல், அதே சுருதி. பத்து செகண்ட், டிரிப்.

வீதியே அமைதி. தம்பி வந்து பேனல் போர்டை ஒரு தட்டு தட்டினான், மாட்டைத் தட்டுற மாதிரி. அப்புறம், கவனிங்க, நாலு நாள்ல முதல் தடவையா, அந்த மூடியைக் கழட்டினான். உள்ள கறுப்பா குட்டி டப்பா மாதிரி கெப்பாசிட்டர். அதோட தலை உப்பிப்போய், வெடிக்கத் தயாரா உக்காந்திருக்கு. வண்டிப் பெட்டியில இருந்து புதுசு ஒண்ணு எடுத்து மாட்டினான். ரெண்டு நிமிஷ வேலை. 380 ரூபாய். அடிக்கு ஒரு ரூபான்னு கணக்கு வெச்சானோ என்னமோ.

பட்டன். ஆம்ப்ஸ் முள்ளு ஒரு துள்ளு துள்ளி பத்துக்கிட்ட வந்து நின்னுச்சு. பைப்புல காத்து, அப்புறம் செம்மண் தண்ணி, அப்புறம் தெளிஞ்ச தண்ணி.

நான் கேட்டேன். ரொம்பப் பணிவாத்தான் கேட்டேன். "தம்பி, அப்போ வியாழக்கிழமை முனகினதும் இந்த கெப்பாசிட்டராலதானே?"

சித்த நேரம் யோசிச்சான். போர் மூடியைப் பார்த்தான், எங்க மாமனாரோட பென்சில் எழுத்தைப் பார்த்தான்.

"ரெண்டுமே போயிருக்குங்க்கா."

வீட்டுல டேபிள் ஃபேன் இருக்கிற யாருக்கும் தெரியுமே! கண்டென்சர், அதான் இந்த கெப்பாசிட்டர், போனா ஃபேன் முனகும், விரலால ஒரு தள்ளு தள்ளினா சுத்தும். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரும் அதே சாதிதான், தானா எந்திரிக்காது, ஒரு தள்ளு வேணும், அந்தத் தள்ளைக் குடுக்கிறது கெப்பாசிட்டர். 380 அடிக்குக் கீழ விரல் விட முடியாது, ஒத்துக்கறேன். ஆனா என் கண்ணு மட்டத்துல, சுவத்துல தொங்குற பெட்டியைத் திறக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதுமே? நாலு ஆளும், பிள்ளையார் கோயில் வரைக்கும் பைப்பும் எதுக்கு? அது சரி, பெட்டியைத் திறக்க அடிக்கணக்குல கூலி வராதே.

காயிலும் நிஜமாவே போயிருக்கலாம். கெப்பாசிட்டர் போய், தெரியாம நான் பட்டனை அழுத்தி அழுத்தியே காயிலை எரிச்சிருக்கலாம்னு வீட்டுக்காரர் போன்ல சொல்றார். ஓசூர்ல இருந்துக்கிட்டு. வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தா பிரயோஜனம். இன்னைக்கு எனக்கு நியாயம் பேசுற மனுஷங்களே ஆகாது.

இன்னும் ஒரு எட்டாயிரம் சேர்த்திருந்தா வாரண்டியோட புது மோட்டாரும் வாங்கி இறக்கியிருக்கலாமேன்னு பக்கத்து வீட்டு மாமா சொன்னார். எப்போ? பணம் எண்ணிக் குடுத்ததுக்கு அப்புறம். அதுவரைக்கும் நாற்காலியில உக்காந்து என் வீட்டு மோரைக் குடிச்சிட்டிருந்தார்.

பணத்தை வாங்கிச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டே தம்பி சொல்றான்: "இந்த போர்ல இனி ரொம்ப நாளைக்கு ஊத்து நிக்காதுங்க்கா. புதுசா ஒரு ஆயிரம் அடி போட்டுடுங்க. நம்ம திருச்செங்கோட்டு வண்டி ஒண்ணு இருக்கு." அடிக்கு எவ்வளவுன்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். முதல் 300 அடிக்கு ஒரு ரேட்டாம், அதுக்கப்புறம் ஒவ்வொரு நூறு அடிக்கும் ஏறுமாம். கேசிங் தனி. போட்ட போரைக் கழுவி விடுற பிளஷிங் தனி. தண்ணி வந்தாலும் வராட்டியும் கூலி கூலிதான். "ஆயிரம் அடியில தண்ணி இருக்குமா?" "போட்டுப் பார்த்தாத்தானுங்க்கா தெரியும்." மறுபடியும் அதே பாட்டு! இடம் பார்க்க உள்ளங்கையில தேங்காய் வெச்சு நடக்கிறவர் ஒருத்தரையும் கூட்டிட்டு வருவானாம். தேங்காய் நட்டுக்குத்தலா நின்னா அந்த இடத்துல ஊத்தாம். தேங்காய் நம்ம செலவு.

ராத்திரி எட்டரைக்கு எல்லாம் முடிஞ்சு, போர்ட்டிகோ சேத்தை நானே அலசி விட்டுட்டு, டேங்க் நிறைஞ்சு வழியுற சத்தம் கேட்டு, அப்பாடான்னு சமையக்கட்டுக்குள்ள போறேன். அத்தை அடுப்புல குக்கர் வைக்க அந்தத் தண்ணியை ஒரு சொம்பு பிடிச்சு, வாயில ஒரு மடக்கு ஊத்திப் பார்த்துட்டு, சிங்க்ல துப்பிட்டுச் சொல்றாங்க:

"இந்தத் தண்ணியில பருப்பு வேகாது கண்ணு. கேன் தண்ணிக்குச் சொல்லிடு."

சொன்னேன். கேன்காரர் இந்த மாசத்துல இருந்து அஞ்சு ரூபா ஏத்திட்டாராம்.