அணைத்த பிறகும் அடங்காத வெப்பம்
கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு பற்றிய நாடாளுமன்றக் கேள்விக்குப் 'பாதுகாப்புக்கே முதலிடம்' என்று பொதுப்படையாகப் பதில் சொன்னால் போதாது. அங்கே இயங்கும் இரண்டு உலைகளும் தலா 3,000 மெகாவாட் வெப்பத்திறன் கொண்டவை. நிறுத்திய நொடியிலும் அதில் சுமார் 6 சதவீதம், அதாவது 180 மெகாவாட், எரிபொருளிலிருந்து வந்துகொண்டே இருக்கும். மின்சாரம் அடியோடு போனாலும் நீராவி தானாக மேலேறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, நீராகித் திரும்பும் ஏற்பாடு உண்டு. நல்ல வடிவமைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அது உலைக்கு மட்டுமே. பயன்படுத்திய எரிபொருளை வைத்திருக்கும் குளத்துக்கு பம்ப் ஓடியாக வேண்டும். பம்ப் நின்றால் தண்ணீர் கொதிக்க எத்தனை மணி நேரம் ஆகும்? வெளியிலிருந்து நீர் ஊற்ற எந்தக் குழாய், யார் பொறுப்பு? உறுப்பினர்கள் இதை நட்சத்திரக் கேள்வியாகவே, அதாவது அவையில் வாய்மொழியாகப் பதில் பெறும் கேள்வியாகவே, கேட்க வேண்டும். எழுத்துப்பூர்வ பதிலோடு முடிந்துபோகும் கேள்விக்குத் துணைக்கேள்வி எழுப்ப வழியில்லை.