கட்டியவன் கட்டினேன் என்று சொல்லக் கூடாதா?

கொழும்பில் கட்டி முடிந்த அந்தக் கோபுரக் கட்டடத்தின் முன்னால் நின்று என் தம்பி போட்ட படத்தையும், "நானும் சேர்ந்து கட்டினது" என்ற அவனது ஒற்றை வரியையும், அதன் கீழே வந்த கருத்தையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சீமெந்து சுமந்தவனெல்லாம் கட்டடம் கட்டினவனா என்று கேட்டவர் வெளியூர்க்காரர் அல்லர்; எங்கள் மட்டக்களப்பில் படித்து, இங்கேயே உத்தியோகம் பார்ப்பவர். அதற்குச் சிரிப்புக்குறி இட்டவர்களிலும் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தம்பி அன்றிரவே படத்தை நீக்கிவிட்டான்.

அவன் கட்டினான். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கலவையில் தண்ணீர் சேர்ந்ததிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் கொங்கிறீற்றைப் போட்டுவிட வேண்டும் என்பது வழமையான விதி. கொழும்பின் பகல் நெரிசலில் லொறி சிக்கினால் அந்த நேரம் வீதியிலேயே போய்விடும். ஆகையால் பெரிய வார்ப்புகளை இரவில்தான் வைத்துக்கொள்கிறார்கள். மின்தூக்கிகள் ஓடும் நடுச்சுவருக்குப் போடத் தொடங்கினால் இடையில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் இறுகிய பழையதும் புதியதும் ஒன்றோடொன்று ஒட்டாமல், சுவரில் பலவீனமான மூட்டு விழும். நகரம் உறங்கும் நேரத்தில், கடற்காற்று அடிக்கும் உயரத்தில், அதிரும் குழாயைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றவர்களில் என் தம்பியும் ஒருவன். வயல் வேலை இல்லாத மாதங்களில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் எங்கள் படுவான்கரையிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறும் பிள்ளைகள் செய்வது இந்த வேலையைத்தான். அவன் வீட்டுக்கு வந்தால் சீமெந்து அரித்த விரல்களுக்கு அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார்.

பொறியியலாளரும் கட்டடக் கலைஞரும் இல்லாமல் கட்டடம் எழும்புமா என்று கேட்பீர்கள். எழும்பாது, நான் எங்கே மறுத்தேன்? கொழும்பின் பேர வாவிக் கரையில் 240 மீற்றர் உயரத்தில் நிற்கும் அல்டெயர் என்ற இரட்டைக் கோபுரக் கட்டடத்தை, ஒரு கோபுரம் மற்றதன்மேல் சாய்ந்திருக்கும்படி வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. அவருடைய பெயரைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் கம்பி கட்டியவனும், பலகை அடித்தவனும், கீழே தோண்டிய கிடங்கில் ஊறிய தண்ணீரில் நின்றவனும் தாங்களும் கட்டினோம் என்று சொன்னால் சாஃப்டிக்கு என்ன குறைந்துவிடும்? 828 மீற்றர் உயரமான புர்ஜ் கலீஃபாவின் கோடைகால வார்ப்புகளைப் பனிக்கட்டி கலந்து இரவில் செய்தார்கள் என்பதை வியந்து பகிர்கிறோம். அந்த இரவுகளில் விழித்து நின்றவர்களும் எங்கள் தம்பிமாரைப் போன்ற தெற்காசியத் தொழிலாளர்களே.

சம்பளம் வாங்கினான்தானே என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். பொறியியலாளரும் சம்பளம் வாங்கினார். அவருக்கு ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியும் கிடைத்திருக்கும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழில்தருநர் 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும் கட்ட வேண்டிய அந்த நிதி, துணை ஒப்பந்தக்காரரிடம் நாட்சம்பளத்துக்கு நின்ற என் தம்பிக்கு ஒருபோதும் கட்டப்படவில்லை. அவனது கை நசுங்கியபோது பஸ் காசைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலையில் காயப்பட்ட தொழிலாளி நட்டஈடு கேட்க வழிசெய்யும் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய அளவுக்குப் படித்தவர்கள் ஊரில் இல்லாமலில்லை. அவன் வீட்டில் கிடந்த அந்த நாட்களில் ஒருவரும் படியேறி வரவில்லை. படத்தைப் போட்டதும் வந்து சிரித்தீர்கள். எனக்கு வலிப்பது அதுதான்.

ஒரு சாதாரணக் கருத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை. எழுதியவரிடம் ஒன்றை மட்டும் கேட்கிறேன். நீங்கள் எனக்கு உட்பெட்டியில் விளக்கம் அனுப்பத் தேவையில்லை. எந்த இடத்தில் அவனைச் சிறுமைப்படுத்தினீர்களோ, அந்த இடத்திலேயே, எல்லாரும் பார்க்க, என் தம்பியிடம் மன்னிப்புக் கேளுங்கள்.